எத்தனை முறை சொன்னால் கூகுளுக்குக் கேட்கும்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், இணையதளத்திற்கு எழுதுவோர் ‘கீவேர்ட்’ எனப்படும் தேடுசொற்களை அளவுக்கு மீறித் திணிப்பதைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, தொழிலையும் ஊரையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை நடத்தி வருகிறது. சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்திடம் பணம் கொடுத்து இணையதளம் அமைத்தோம். அதைப் படித்த என் மருமகள், “மாமா, இதைப் படித்தால் வாங்க வந்தவரும் திரும்பிப் போய்விடுவார்” என்கிறாள். நிறுவனத்தாரோ, கூகுளில் மேலே வர வேண்டுமானால் இப்படித்தான் எழுத வேண்டும் என்கின்றனர். முதல் பத்தியை இணைத்துள்ளேன். யார் சொல்வது சரி?
— பட்டறை உரிமையாளர், ஆத்தங்குடி

பதில்: மருமகள் சொல்வதுதான் சரி. மற்ற வாசகர்களுக்காக, நீங்கள் அனுப்பிய பத்தியை அப்படியே தருகிறேன்.

“ஆத்தங்குடி டைல்ஸ் வாங்க வேண்டுமா? எங்கள் ஆத்தங்குடி டைல்ஸ் நிறுவனம் சிறந்த ஆத்தங்குடி டைல்ஸ் தயாரிக்கிறது. குறைந்த ஆத்தங்குடி டைல்ஸ் விலையில் தரமான ஆத்தங்குடி டைல்ஸ் வேண்டுவோர் எங்கள் ஆத்தங்குடி டைல்ஸ் கடையை அணுகவும்.”

மொத்தம் 25 சொற்கள். ஒரே தொடர் ஆறு முறை வந்திருப்பதால், அவற்றில் 12 சொற்கள் அதற்கே போய்விட்டன. மீதமுள்ள 13 சொற்களில் ‘எங்கள்’, ‘சிறந்த’, ‘தரமான’, ‘குறைந்த’ என்பனவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், உங்கள் பட்டறையைப் பற்றிய செய்தி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ‘ஆத்தங்குடி டைல்ஸ்’ என்பதை எடுத்துவிட்டு ‘இன்வெர்ட்டர் பேட்டரி’ என்று போட்டாலும் இந்தப் பத்தி ஒரு குறையுமின்றி நிற்கும். ஒரு பக்கத்தில் தேடுசொல் திணிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க நான் செய்யும் சோதனையும் இதுதான். வேறொரு பொருளின் பெயரைப் போட்டுப் படித்தும் பத்தி கெடவில்லை என்றால், எழுதியவருக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் தேடுசொல் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

எழுதியவரை மட்டும் குறை சொல்வதிலும் நியாயம் இல்லை. அவர் கையில் ஒரு சொல்லையும் ஓர் எண்ணிக்கையையும் கொடுத்திருப்பார்கள். பட்டறையைக் காட்டியிருக்க மாட்டார்கள். ஒரு முற்பகல் உங்கள் பட்டறையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்திருந்தால், ஏறத்தாழ இப்படி எழுதியிருப்பார்:

“எங்கள் பட்டறையில் ஆத்தங்குடி டைல்ஸ் ஒவ்வொன்றும் கண்ணாடித் தகட்டின்மேல் கையால் வார்க்கப்படுகிறது. தகட்டின்மேல் பூ அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றுகிறோம். அச்சை எடுத்தபின், மணலும் சிமென்டும் சேர்ந்த கலவையை மேலே நிரப்பி அழுத்துகிறோம். சூளையில் சுடுவதில்லை. தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்து, வெயிலில் உலர்த்துகிறோம். கண்ணாடி பட்ட பக்கமே பளபளக்கும் மேற்பரப்பாக அமைகிறது. கையால் ஊற்றுவதால், ஒரு கல்லின் பூவும் பக்கத்துக் கல்லின் பூவும் அச்சுக் குத்தியதுபோல் ஒத்திருக்காது.”

தேடுசொல் இங்கே ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஆனால் கண்ணாடி, அச்சு, பூ, வண்ணச் சிமென்ட், கல், கையால் வார்த்தல், சூளை என்று அந்தத் தொழிலுக்கே உரிய சொற்கள் யாரும் அழைக்காமலே வந்துவிட்டன. ‘பூக்கல்’ என்றும், ‘கையால் செய்த தரைக்கல்’ என்றும், ‘செட்டிநாடு டைல்ஸ்’ என்றும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கம் எதைப் பற்றியது என்பதைத் தேடுபொறி இத்தகைய துணைச் சொற்களைக் கொண்டும் அறிந்துகொள்கிறது. ‘ஆத்தங்குடி டைல்ஸ்’ என்ற தொடரைப் பக்கத்தின் தலைப்பிலும், முதல் பத்தியிலும், பொருந்துமானால் ஓர் உள்தலைப்பிலும் வையுங்கள். மற்ற இடங்களில் ‘கல்’ என்று எழுதினாலே போதும். படிப்பவர் குழம்ப மாட்டார்.

இன்னொன்றும் செய்யலாம். தொலைபேசியில் அழைப்பவர்கள் கேட்பதையெல்லாம் ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். சதுர அடி என்ன விலை, என்னென்ன அளவுகளில் கிடைக்கும், குளியலறைக்கு ஆகுமா, கார் நிறுத்தும் இடத்தில் போடலாமா, லாரியில் வரும்போது உடைந்தால் யார் பொறுப்பு, பதித்தபின் எதைக் கொண்டு துடைப்பது என்றெல்லாம் கேட்பார்கள். அந்த நோட்டுதான் உங்கள் இணையதளம். அதை மருமகளிடமே கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: தேடுசொல் ஒரு பக்கத்தில் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்? ஒருவர் 1 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 2.5 என்கிறார், எங்கள் பயிற்சி வகுப்பில் 3 என்று எழுதிக் கொடுத்தார்கள்.
— கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: மூன்றையும் அழித்துவிடுங்கள். அப்படியொரு சதவீதம் கிடையாது. கூகுளில் தேடல் தரத்தைக் கவனித்துவந்த மேட் கட்ஸ் 2011ஆம் ஆண்டிலேயே ஒரு காணொளியில் இதற்கு விடை சொல்லியிருக்கிறார். ஒரு சொல் முதல் ஒன்றிரண்டு முறை வரும்போது பயன் தரலாம். அதற்குமேல் ஒவ்வொரு முறையும் பயன் குறைந்துகொண்டே போகும். ஓர் எல்லையைக் கடந்தால் திணிப்பாகக் கருதப்படும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

பயன் ஏன் குறைகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கூகுளின் வாய்பாடு வெளியில் கிடைக்காது. ஆனால் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராபர்ட்சனும் அவருடைய குழுவினரும் 1990களில் உருவாக்கிய ‘பி.எம்.25’ என்ற வாய்பாடு, ஒரு பக்கம் ஒரு தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடுவது, வெளிப்படையாகவே கிடைக்கிறது. லூசீன், எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் மென்பொருள்களில் இன்றும் பயன்பாட்டில் இருப்பது. பயன் எவ்வளவு விரைவில் குறையும் என்பதைத் தீர்மானிக்க அதில் வழக்கமாக வைக்கப்படும் 1.2 என்ற மதிப்பை எடுத்துக்கொண்டு, சராசரி நீளமுள்ள ஒரு பக்கத்தில் ஒரு சொல் ஒரு முறை வந்தால் கிடைக்கும் மதிப்பெண்ணை 1 என்று கொள்வோம். இரண்டு முறை வந்தால் 1.38 கிடைக்கும். ஐந்து முறைக்கு 1.77. பத்து முறைக்கு 1.96. ஐம்பது முறை எழுதினாலும் 2.15தான், ஆயிரம் முறை எழுதினாலும் 2.2ஐத் தொட முடியாது. ஆக, பத்தாவது முறைக்குப் பிறகு கூடுதலாக எழுதிய நாற்பது முறைக்கும் சேர்த்துக் கிடைத்த கூலி 0.2கூட இல்லை. இது திணிப்பைத் தண்டிப்பதற்கென்று வடிவமைத்த வாய்பாடுகூட அல்ல. சொற்கள் மொழியில் எப்படிப் புழங்குகின்றன என்பதை மட்டும் கருதி அமைத்தது.

இதோடு இன்னொரு பழைய கருத்தும் சேரும். பரவலாக எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்கு எடை குறைவு, சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கு எடை அதிகம் என்பதைக் கணினி அறிவியலாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் எழுதிய கட்டுரையில் நிறுவினார். ‘சிறந்த’, ‘தரமான’, ‘குறைந்த விலை’ என்று அடுக்குவது ஏன் வீண் என்பதற்கு அதுவே போதுமான விளக்கம். அவை எல்லாக் கடைப் பக்கங்களிலும் இருக்கின்றன.

உங்கள் பயிற்சி வகுப்பில் சதவீதம் காட்டும் கருவி ஒன்றையும் பயன்படுத்தச் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அதில் பச்சைப் புள்ளி வரும்வரை ஒரு சொல்லை ஆங்காங்கே செருகிக்கொண்டே இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் அப்படிச் செருகியவன்தான். அந்தப் புள்ளியைப் போடுவது கருவியைச் செய்தவர். கூகுளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: நான் மருத்துவக் கட்டுரைகள் எழுதிக் கொடுக்கிறேன். 600 சொற்களில் ‘சர்க்கரை நோய் அறிகுறிகள்’ என்ற தொடர், ஓர் எழுத்தும் மாறாமல், 15 முறை வர வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். ‘அறிகுறிகளை’, ‘அறிகுறிகளுக்கு’ என்று எழுதினால் கணக்கில் சேராது என்று திருத்தி அனுப்புகிறார். எழுதியதை எனக்கே படிக்கக் கூச்சமாக இருக்கிறது. அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
— பகுதிநேர எழுத்தாளர், மதுரை

பதில்: உங்கள் கூச்சம் நியாயமானது. இது எழுத்து நடையைப் பற்றிய பிரச்சினை மட்டும் அன்று, இலக்கணப் பிரச்சினையும்கூட. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல், எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும், பெரும்பாலும் உருமாறாமல் நிற்கும். அதனால் ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப வைத்தாலும் வாக்கியம் உடைவதில்லை. தமிழில் பெயர்ச்சொல், எழுவாயாக வரும்போது தவிர, பெரும்பாலும் வேற்றுமை உருபை ஏற்றுத்தான் வாக்கியத்திற்குள் நுழைகிறது. உருபைப் பிடுங்கிவிட்டால் “சர்க்கரை நோய் அறிகுறிகள் கண்டு பயப்பட வேண்டாம்”, “சர்க்கரை நோய் அறிகுறிகள் மருத்துவரிடம் சொல்லுங்கள்” என்று குழந்தை பேசுவதுபோல் ஆகிவிடும். நோயைப் பற்றி எழுதும் பக்கத்திற்கு இது பெருங்கேடு. “அறிகுறிகளை” என்று சரியாக எழுதத் தெரியாதவர் சொல்லும் மருத்துவத் தகவலை யார் நம்புவார்கள்?

உங்கள் வாடிக்கையாளர் நினைத்துக்கொண்டிருப்பதுபோல், தேடுபொறி இன்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. தேடலில் வரும் சொற்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்திப் பொருள்கொள்ளும் ‘பெர்ட்’ என்ற நுட்பத்தைக் கூகுள் 2019 அக்டோபரில் ஆங்கிலத் தேடலுக்குக் கொண்டுவந்ததாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிவாக்கியது. அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு. தமிழை அது ஆங்கிலத்தைப் போலவே புரிந்துகொள்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், உருபு சேர்ந்ததால் பக்கம் காணாமல் போய்விடும் என்ற அச்சத்திற்கு இடமில்லை. அச்சம் தீராவிட்டால், தலைப்பில் ‘சர்க்கரை நோய் அறிகுறிகள்’ என்று உருபில்லாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தலைப்பு முழு வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை. அங்கே அது இயல்பாகவே பொருந்தும்.

அதைவிட முக்கியமானது, மக்கள் அந்த நோயை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்பது. தமிழ்நாட்டில் பலர் ‘சுகர்’ என்றுதான் சொல்கிறார்கள். பாடநூலிலும் மருத்துவமனைப் பலகையிலும் ‘நீரிழிவு’ இருக்கிறது. இலங்கையில் ‘நீரிழிவு’ என்பதோடு ‘சீனி வருத்தம்’ என்ற வழக்கும் உண்டு. ஒரே தொடரைப் பதினைந்து முறை எழுதும் கட்டுரை, மற்ற பெயர்களில் தேடும் இவர்கள் அனைவரையும் இழக்கிறது. “சர்க்கரை நோய் எனப்படும் நீரிழிவு” என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு, பிறகு பொருளுக்குள் போய்விடுங்கள். தாகம் அடங்காமை, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, காரணமின்றி எடை குறைவது, பார்வை மங்குவது, காலில் பட்ட காயம் ஆறாமல் இழுப்பது, எப்போதும் களைப்பாக இருப்பது ஆகியவற்றை ஒவ்வொன்றாக விளக்குங்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்குமேல் இருந்தால் என்ன பொருள், சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 6.5 சதவீதம் என்ற எல்லை எதைக் குறிக்கிறது என்று சொல்லுங்கள். 600 சொற்கள் போதாமல் போகும். பதினைந்து முறைக்கு எங்கே இடம்?

வாடிக்கையாளரிடம் வாதம் செய்வதைவிட, இரண்டு வடிவங்களையும் எழுதிக் கொடுத்து, அவற்றை அவர் வீட்டில் வாய்விட்டுப் படித்துப் பார்க்கச் சொல்வது பயன் தரும் என்பது என் அனுபவம். வாய்விட்டுப் படிக்கும்போது மூன்றாவது வரியிலேயே நாக்கு சொல்லிவிடும்.

கேள்வி: ‘கூறியது கூறல்’ குற்றம் என்று நன்னூலில் பாடம் நடத்தியவன் நான். அப்படியானால் ஒரு சொல்லை இரண்டாம் முறை எழுதுவதே தவறா? என் பேரன் தன் தளத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மாற்றுச்சொல் தேடிக்கொண்டிருக்கிறான்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, தாங்கள் அறியாதது இல்லை. நன்னூலின் பத்துக் குற்றங்களில் முதலில் நிற்பது ‘குன்றக் கூறல்’. ‘மிகைபடக் கூறல்’ அடுத்தது. ‘கூறியது கூறல்’ மூன்றாவதாக வருகிறது. இணையப் பக்கங்களில் முதலாவதும் மூன்றாவதும் இணைபிரியாமல் வருவதைத்தான் நான் பார்க்கிறேன். சொல்ல வேண்டியதைக் குன்றச் சொல்லியிருப்பார்கள். அதனால் விட்டுப்போன இடத்தைக் கூறியதையே கூறி நிரப்பியிருப்பார்கள். மூன்றாவது குற்றத்தைத் திருத்தப் போகிறவர் முதல் குற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தங்கள் பேரன் செய்வதும் திணிப்புதான். ஒரு சொல்லுக்குப் பதில் ஒன்பது சொற்களைத் திணிக்கிறார், அவ்வளவே. ஒரு வரியில் ‘மின்விசிறி’, அடுத்த வரியில் ‘காற்றாடி’, அதற்கடுத்து ‘விசிறிக் கருவி’ என்று எழுதினால், மூன்று வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறாரோ என்று படிப்பவர் மயங்குவார். சட்டம், மருத்துவம், இயந்திரக் கையேடு ஆகியவற்றில் ஒரு பொருளுக்கு ஒரே சொல்லைக் கடைசிவரை வைத்திருப்பதே முறை. வாக்கியத்திற்கு அந்தச் சொல் தேவைப்படும்போது தயங்காமல் எழுதலாம். ‘அது’, ‘இது’ என்ற சுட்டுப்பெயர்கள் நம் மொழியில் எதற்காக இருக்கின்றன என்பதையும், தமிழில் எழுவாயே இல்லாமல் வாக்கியம் நிற்கும் என்பதையும் தாங்களே அவருக்குச் சொல்லித் தரலாம்.

கேள்வி: பக்கத்தின் நிரலில் ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ என்ற இடத்தில் நூறு சொற்கள் எழுதலாமா? அங்கே யார் கண்ணுக்கும் படாதே?
— கணினி மையம் நடத்துபவர், தஞ்சாவூர்

பதில்: கூகுளின் கண்ணுக்கும் படாது. பக்கங்களை வரிசைப்படுத்த அந்தக் குறியைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அந்த நேரத்தை, பக்கத்தைப் பற்றிய இரண்டு வரிச் சுருக்கமான ‘மெட்டா டிஸ்கிரிப்ஷன்’ எழுதச் செலவிடுங்கள். அதுவும் வரிசையை உயர்த்தாது. ஆனால் தேடல் முடிவில் தலைப்பின்கீழ் பல நேரங்களில் அந்த இரண்டு வரிதான் தெரியும், அதைப் பார்த்துத்தான் சொடுக்குவார்கள்.

கேள்வி: வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் தேடுசொற்களை எழுதி வைத்தால் வாசகருக்கும் தொல்லை இல்லை, தேடுபொறிக்கும் கிடைத்துவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையில் யாரையாவது இதற்காகத் தண்டித்திருக்கிறார்களா, அல்லது வெறும் பூச்சாண்டியா?
— ஜவுளி வணிகர், ஈரோடு

பதில்: உங்கள் நண்பர் 1990களின் பிற்பகுதியில் இருக்கிறார். ஆல்டாவிஸ்டா போன்ற அன்றைய தேடுபொறிகள் பக்கத்தில் என்ன சொல் எத்தனை முறை இருக்கிறது என்பதைப் பெரிதும் நம்பியிருந்ததால், பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத சொற்களை மூட்டையாகக் கட்டி வைப்பது அப்போது செல்லுபடியானது. ஒரு பக்கத்தைப் பற்றி அந்தப் பக்கமே சொல்லிக்கொள்வதை மட்டும் கேளாமல், மற்றப் பக்கங்கள் அதற்குக் கொடுக்கும் இணைப்புகளையும் கணக்கில் எடுக்கும் முறையோடு 1998இல் கூகுள் நிறுவனம் பிறந்ததற்கு இந்த ஏமாற்றும் ஒரு காரணம்.

பூச்சாண்டி அன்று என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2006 பிப்ரவரியில், பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மன் இணையதளத்தையே கூகுள் தன் தேடலிலிருந்து நீக்கியது. பழைய கார் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லும் அதுபோன்ற தேடுசொற்களும் அடைக்கப்பட்ட ‘வாசல் பக்கங்கள்’ அந்தத் தளத்தில் இருந்தன. தேடுபொறி வந்தால் அந்தப் பக்கம் தெரியும். மனிதர் வந்தால் உடனே வேறொரு அழகான பக்கத்திற்குத் தள்ளிவிடப்படுவார். அந்தப் பக்கங்களை அகற்றிய பிறகு, சில நாட்களில் தளம் மீண்டும் சேர்க்கப்பட்டது. அவ்வளவு பெரிய நிறுவனம் என்பதால் உலகச் செய்தியானது, விரைவாகவும் தீர்ந்தது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு அதே நிலை வந்தால் செய்தித்தாளில் வராது. ஆர்டர் வருவது மட்டும் நிற்கும்.

அதன் பின்னர் இந்த வேலையில் பெரும்பகுதியைத் தானியங்கி முறைகளே பார்த்துக்கொள்கின்றன. 2011 பிப்ரவரியில் ‘பாண்டா’ என்ற மாற்றம் சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரல் 24 அன்று அறிவிக்கப்பட்ட, பின்னர் ‘பெங்குவின்’ என்று பெயர்பெற்ற மாற்றம், சொல் திணிப்பைப் பெயர் சொல்லியே குறிவைத்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் பயனர் கவனிக்கும் அளவுக்கு மாறும் என்று அப்போது கூகுள் தெரிவித்தது. இவை தவிர, மனிதர்கள் பார்த்து நேரடியாக எடுக்கும் நடவடிக்கையும் உண்டு. அப்படி ஏதும் இருந்தால் ‘சர்ச் கன்சோல்’ என்ற இலவசச் சேவையில் உங்கள் தளத்திற்கான கணக்கில் அறிவிப்பு வரும். தவற்றைத் திருத்தியபின் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். தானியங்கி முறையில் கீழிறங்கியவர்களுக்கு இத்தகைய அறிவிப்பும் வராது, விண்ணப்பிக்கும் வழியும் இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் இரண்டில் கொடியது.

கேள்வி: நான் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி பழுதுபார்க்கிறேன். என் பக்கத்தின் கீழே “காந்திபுரம், பீளமேடு, சிங்காநல்லூர், சரவணம்பட்டி, ஆர்.எஸ்.புரம்” என்று நாற்பது பகுதிகளின் பெயர்களை எழுதியிருக்கிறேன். உண்மையிலேயே இந்த இடங்களுக்கெல்லாம் போகிறேன். இதுவும் திணிப்பா?
— தொழில்நுட்பப் பணியாளர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் உண்மையானவர்தான், ஆனால் அந்தப் பத்தி அப்படித் தோன்றவில்லை. ஊர், வட்டாரப் பெயர்களை வெறுமனே அடுக்கிவைப்பதைக் கூகுள் தன் விதிகளில் சொல் திணிப்புக்கு எடுத்துக்காட்டாகவே கொடுத்திருக்கிறது. நாற்பது பகுதிக்கும் பெயரை மட்டும் மாற்றி நாற்பது பக்கங்கள் தயாரித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அதற்கும் சம்மதிக்காதீர்கள். அது முன்பு சொன்ன வாசல் பக்கங்களின் உள்ளூர்ப் பதிப்பு.

நாற்பது பெயர்களுக்குப் பதிலாக, நீங்கள் மட்டுமே சொல்லக்கூடியதைச் சொல்லுங்கள். எந்தப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம், எங்கே சவ்வுப் படலம் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது, எந்தப் பகுதிக்கு அழைத்த அன்றே வர முடியும், எங்கே போக வண்டிச் செலவு தனியாக வாங்குகிறீர்கள் என்று எழுதினால், ஏழெட்டு இடப்பெயர்கள் தாமாகவே, ஆளுக்கொரு வேலையோடு வந்து நிற்கும். கூகுள் வரைபடத்தில் தெரியும் தொழில் விவரப் பக்கத்தில் சேவைப் பகுதிகளைக் குறிப்பதற்கென்றே தனி இடம் இருக்கிறது; மற்றவற்றில் முக்கியமான இருபது வரை அங்கே கொடுக்கலாம். கடைப் பெயருக்குப் பின்னால் ‘கோவை பெஸ்ட் ஆர்.ஓ. சர்வீஸ்’ என்று வால் ஒட்டுவது மட்டும் வேண்டாம். பலகையில் உள்ள பெயரைத்தான் அங்கே எழுத வேண்டும் என்பது விதி.

கேள்வி: படங்களுக்குக் கொடுக்கும் மாற்று உரையில் தேடுசொற்களை எழுதலாம் அல்லவா?
— புகைப்படக் கலைஞர், புதுச்சேரி

பதில்: அந்த உரை யாருக்காக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பு மென்பொருளோடு உங்கள் பக்கத்திற்கு வருகிறார். “மணமகளின் கையில் மருதாணி, பக்கவாட்டு வெளிச்சத்தில்” என்று குரல் சொன்னால் அவருக்குப் படம் கிடைத்துவிடும். “புதுச்சேரி திருமணப் புகைப்படம் சிறந்த திருமணப் புகைப்படக் கலைஞர் புதுச்சேரி விலை” என்று முப்பது படங்களுக்கும் அதே குரல் சொல்லிக்கொண்டிருந்தால், அவர் நான்காவது படத்தில் பக்கத்தை மூடிவிடுவார். படத்தில் இருப்பதை எழுதுங்கள். அலங்காரக் கோடுகளுக்கு அந்த உரையைக் காலியாக விட்டுவிடலாம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் தேடுசொல்லைக் கொடுத்தால் அழகாகக் கட்டுரை தருகிறது. அதில் திணிப்பு இருக்காது அல்லவா?
— விளம்பர முகவர், சேலம்

பதில்: சொல் திணிப்பு குறைவாக இருக்கலாம். ஆனால் அந்தக் கருவி உங்கள் கடைக்கு வந்ததில்லை. நீங்கள் கொடுக்காத விவரம் அதற்குத் தெரியாது. ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக ஒரே கருத்தை ஐந்து பத்தியில் வெவ்வேறு சொற்களால் திரும்பச் சொல்லித் தரும். எந்த வழியில் தயாரித்தாலும், தரவரிசைக்காக மட்டும் பயனற்ற பக்கங்களைக் குவிப்பதைத் தனி மீறலாகவே கூகுள் 2024 மார்ச்சில் தன் விதிகளில் சேர்த்தது. கருவியைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதலில் விவரத்தை நீங்கள் கொடுங்கள். கோவைப்படுத்தும் வேலையை அது செய்யட்டும்.

கேள்வி: எங்கள் தளத்தில் பல ஆண்டுகளாகத் திணித்து எழுதப்பட்ட 140 பக்கங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?
— மரச்சாமான் விற்பனையாளர், நாகர்கோவில்

பதில்: அழிக்க வேண்டாம், அவற்றில் சில இப்போதும் உங்களுக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவந்துகொண்டிருக்கலாம். சர்ச் கன்சோலில் கடந்த 16 மாதக் கணக்கு கிடைக்கும். அதில், தேடலில் பலமுறை காட்டப்பட்டும் யாரும் சொடுக்காத பக்கங்களைத் தனியே பிரியுங்கள். என்ன சொல்லைத் தேடி அந்தப் பக்கங்கள் காட்டப்பட்டன என்பதும் அங்கேயே இருக்கும். ‘தேக்குக் கட்டில் விலை’ என்று தேடியவருக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டு, பக்கத்தில் விலையே இல்லை என்றால், என்ன எழுத வேண்டும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

‘தேக்குக் கட்டில்’, ‘தேக்கு மரக் கட்டில்’, ‘தேக்குமரக் கட்டில் நாகர்கோவில்’ என்று ஒரே பொருளுக்கு மூன்று நான்கு பக்கங்கள் இருக்கும். இந்தக் கோளாறு இல்லாத பழைய தளத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அவற்றை ஒரே பக்கமாக இணைத்து, பழைய முகவரிகளிலிருந்து புதியதற்கு ‘301’ என்ற நிரந்தரத் திசைதிருப்பலைப் போட்டுவிடுங்கள். 140 என்பது அநேகமாக 50க்கு வந்துவிடும். ஒரே வாரத்தில் முடிக்க முயல வேண்டாம். முதலில் பத்துப் பக்கங்களைத் திருத்துங்கள்; தேடுபொறி மீண்டும் வந்து படித்து மதிப்பிடுவதற்குச் சில வாரங்கள், சில நேரங்களில் சில மாதங்கள்கூட ஆகும். அதுவரை, கடைக்கு வருபவர் கட்டிலைத் தட்டிப் பார்த்து என்ன கேட்கிறார் என்று கவனித்துக்கொண்டிருங்கள். பதினோராவது பக்கத்திற்கு அது வேண்டியிருக்கும்.